உட்பகை

பகைவர் இருதிறத்தினர். முரசறைந்து, கொடி பிடித்து, கோட்டை வாயிலில் வந்து நிற்பவர் ஒரு திறத்தினர். நம் கூரையின் கீழேயே உண்டு உறங்கி, நாம் அயரும் வேளை பார்த்து எழுபவர் மற்றொரு திறத்தினர். முன்னவரினும் பின்னவரே அஞ்சத்தக்கவர் என்பதை உணர்ந்தன்றோ திருவள்ளுவனார் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார்! சுவிசேஷத்திலும் ஓர் உவமை வருகின்றது. நல்ல விதை விதைத்த நிலத்தில், ஆட்கள் உறங்கிக் கிடந்த இரவிலே, பகைவன் ஒருவன் வந்து களைகளை விதைத்துச் சென்றான். வைத்தியத் தொழிலில் ஈடுபட்டுள்ள நமக்கு இவ்விரண்டும் நூற்பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று படிக்கும் பாடமாகவும் அமைந்துள்ளன. அப்பாடங்களுள் ஒன்றை நம் கல்லூரி அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். பொருளோ ஒரு சிறு புழுவைப் பற்றியது. புழுவின் கதை ஆண்டு மலருக்கு ஏற்றதோ எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மனித உயிர் சம்பந்தப்பட்ட எதுவும் கல்வி நிலையத்துக்குப் புறம்பானதன்று என்பது நம் துணிபு.

நம் உடலில் ஒரு காவற்படை இருக்கின்றது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும், அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும், அப்படையின் வீரரும் படைக்கலமும் ஆவன. அந்நியக் கிருமி எது, சொந்த உறுப்பு எது எனப் பகுத்தறிந்து காப்பதே இப்படையின் தொழில். சிலரிடத்தில் இப்பகுத்தறிவு பிறழ்ந்துவிடுகின்றது. வேலியே பயிரை மேய்ந்தாற்போலக் காவற்படையே மூட்டுகளையும் சிறுநீரகங்களையும் தோலையும் தாக்கத் தொடங்குகின்றது. முடக்குவாதம், லூப்பஸ் முதலிய நோய்கள் இவ்வாறு தோன்றுவன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவரிடத்திலோ காவற்படை தன் கடமையைச் சரிவரச் செய்வதே ஆபத்தாகின்றது. அன்பினால் ஒருவர் ஈந்த உறுப்பையும் அது பகையெனக் கருதி அழிக்க முற்படுகின்றது. இவ்விருவர்க்கும் வைத்தியர் செய்யக்கூடியது ஒன்றே: காவற்படையை மருந்தினால் அடக்கிவைப்பது.

அம்மருந்துகளுள் தலையாயது ஸ்டீராய்டு. 1948ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையில், பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவியலாது கிடந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் என்னும் பொருளை ஊசி வழியாக ஏற்றினார். சில நாட்களுக்குள் அவர் எழுந்து நடமாடினார். முடவர் நடந்தனர் எனத் திருமறையிற் படித்த செய்தியை மருத்துவமனையிற் கண்டாற்போல மருத்துவ உலகம் வியந்தது. 1950இல் ஹெஞ்சும், அவருடன் உழைத்த கெண்டலும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனும் நோபெல் பரிசு பெற்றனர். அதன் வழிவந்த பிரெட்னிசோலோன் என்னும் சிறு மாத்திரையை இன்று சிற்றூர் மருந்துக் கடைகளிலும் காணலாம். அம்மாத்திரையால் உயிர் பிழைத்தோர் எண்ணிறந்தோர். அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும், காவலாளி உறங்கும் வீட்டில் முன்னரே ஒளிந்திருக்கும் கள்வன் யாவன் என்று பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்லவந்தது.

அக்கள்வனுக்கு ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் ஸ்டெர்கோரலிஸ் என்று பெயர். 1876இல், பிரான்சு நாட்டுத் தூலோன் துறைமுகத்தில், லூயி நோர்மான் என்னும் கடற்படை மருத்துவர், கொச்சின்சீனா எனப்பட்ட தென் வியட்நாமிலிருந்து தீராத கழிச்சலோடு திரும்பிய படைவீரர்களின் மலத்தில் இதனை முதன்முதற் கண்டார். இதன் பெண்புழு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராது. சிறுகுடலின் உட்சவ்வுக்குள் புதைந்து வாழ்வது. ஆணின் துணையின்றியே முட்டையிடுவது. முட்டைகள் அங்கேயே பொரிக்க, இளம்புழுக்கள் மலத்தோடு வெளிப்பட்டு ஈரமண்ணில் வளர்கின்றன. அம்மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்த வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்வது இவற்றின் வழக்கமான யாத்திரை எனப் பாடநூல்கள் கூறும்.

இம்மட்டில் இது கொக்கிப்புழுவுக்கு உறவினன் போலவே தோன்றும். ஆனால் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கொக்கிப்புழுவின் சந்ததி மண்ணை மிதித்து வந்தாலன்றி மீண்டும் மனிதனுட் புக இயலாது. ஆகவே புதிய தொற்று இல்லையேல் சில ஆண்டுகளில் அது தானே ஒழியும். ஸ்ட்ராஞ்சிலாய்டஸோ அவ்வாறன்று. அதன் இளம்புழுக்களிற் சில, வெளியே செல்லாமலே குடலுக்குள் முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயை அடுத்த தோலையோ துளைத்து மீண்டும் அதே உடலுக்குள் புகுகின்றன. இதற்குத் தற்றொற்று எனப் பெயர் கூறலாம். தாய் மடிந்தாலும் மகள், மகள் மடிந்தாலும் பேத்தி என அவ்வீட்டிலேயே குடிவழி தொடர்கின்றது. காவற்படை விழித்திருக்கும்வரை இப்புழுக்களின் தொகை அளவோடு நிற்கும். வீட்டுக்காரர்க்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிறிது வயிற்று மந்தம்; எப்போதாவது இடுப்பிலோ தொடையிலோ அரிப்போடு கூடிய சிவந்த கோடு ஒன்று தோன்றி, மணிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் மேலாக ஊர்ந்து மறையும். அவ்வளவே.

இவ்வாறு எத்துணை ஆண்டு ஒளிந்திருக்கவல்லது இப்புழு? இதற்கு விடை பர்மா–சயாம் இரயில்பாதையிற் கிடைத்தது. 1942–43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையைப் போர்க் கைதிகளைக்கொண்டும் ஆசியத் தொழிலாளரைக்கொண்டும் அமைத்தனர். மழைக்காட்டுச் சேற்றில், மலக்குழிகள் நிரம்பி வழிந்த முகாம்களில், காலணியின்றி அவர்கள் உழைத்தனர். உயிரோடு இங்கிலாந்துக்கு மீண்ட படைவீரர்களை லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியார் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1968 முதல் 2002 வரை அங்கே வந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருள் 100க்கு 12 பேரிடம் இப்புழு காணப்பட்டது. தாய்நாடு திரும்பியபின் அவர்கள் அச்சேற்றை மிதித்தாரல்லர்; ஆயினும் அச்சேறு அவர்களோடு ஒரு தலைமுறைக்கு மேலாக வாழ்ந்தது! இக்கணக்கில் அடங்கியவர் பிரிட்டிஷ் படைவீரரே. மலேயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் அதே சேற்றில் நின்றனர். அவர்கள் இவ்வெண்ணிக்கையுள் இலர். எண்ணப்படாதார் நோயும் நோயே என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்க.

இனிக் காவலாளி உறங்குங்கால் நிகழ்வதைக் கூறுவோம். ஸ்டீராய்டு உட்கொள்பவரிடத்தில் புழுக்களின் தற்றொற்றுக்குத் தடை நீங்குகின்றது. நூறாய் இருந்தவை ஆயிரமாய், ஆயிரம் பல்லாயிரமாய்ப் பெருகி, குடற்சுவரைச் சல்லடையாக்கி நுரையீரலில் நிறைகின்றன. சில வேளை மூளை வரையிலும் செல்கின்றன. இதனினும் கொடிது ஒன்றுண்டு. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இப்புழுக்களைப் பற்றிக்கொண்டு இரத்தத்துட் புகுகின்றன. ஆகவே நோயாளி புழுவினால் மாத்திரமன்று, புழு திறந்துவிட்ட கதவின் வழியே வந்த கிருமிகளினாலும் மடிகின்றார். இந்நிலையை அடைந்தோரிற் பாதிப்பேருக்கு மேல், சிகிச்சை பெற்றும் இறப்பதுண்டு. பெறாதார் பிழைப்பது அரிதினும் அரிது. கார்ட்டிசோன் வந்து இருபதாண்டும் நிரம்புமுன், 1966இல், பிரேசில் நாட்டு மருத்துவர் மூவர் ஸ்டீராய்டு பெற்ற நோயாளிகள் இப்புழுவினால் இறந்தமையை எழுதி உலகை எச்சரித்தனர்.

ஏட்டிற் படித்த இதனை நாம் கண்ணாரக் கண்டது சில ஆண்டுகளுக்கு முன்பு. செங்கற்சூளையில் மண் மிதித்து வாழ்ந்த ஒருவர், ஐம்பது வயது கடந்தவர், வேறோர் ஊரிலிருந்து நம் வார்டுக்குக் கொண்டுவரப்பட்டார். சிறுநீரிற் புரதம் கழிந்து உடல் வீங்கும் நோய்க்காக மூன்று திங்களாகப் பிரெட்னிசோலோன் உண்டுவந்தவர். அந்நோய்க்கு அம்மருந்து முற்றிலும் உரியதே, வீக்கமும் வடிந்திருந்தது. பின்னர் வயிறு உப்பிசம், ஓயாத வாந்தி, அதன்பின் இருமல், கடைசியிற் கபத்தில் இரத்தம். நம்மிடம் வந்தபோது மூச்சு விட இயலாத நிலை. இரத்தத்தில் குடற்கிருமி வளர்ந்திருந்தது. காசநோய்க் கிருமியைத் தேடுவதற்காக அவர் கபத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பரிசோதனைச் சாலை இளைஞர் ஓடிவந்து, “ஐயா, ஏதோ நெளிகின்றது” என்றார். சென்று பார்த்தோம். ஒன்றா, இரண்டா! கண்ணாடித் தகடு முழுவதும் உயிர்பெற்று அசைந்தது.

உரிய மருந்தைத் தொடங்கினோம். அம்மருந்து வாய்வழியே கொடுக்கப்பெறுவது. அவருடைய குடலோ அசைவற்றுக் கிடந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் அவர் உயிர் நீத்தார். அவர் மனைவியார் அழவில்லை. “கால் வீக்கமெல்லாம் வடிஞ்சு நல்லாத்தானே ஐயா இருந்தாரு?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். சற்றுப் பொறுத்து, பல ஆண்டுகளாகவே தம் கணவர் இடுப்பில் அரிப்போடு ஒரு தடிப்பு ஊர்ந்து மறைவதுண்டு என்றும், பூச்சிக்கடி என்று எண்ணி வேப்பிலை அரைத்துப் பூசிவந்ததாகவும் கூறினார். அத்தனை ஆண்டுகளும் கள்வன் தன் கையொப்பத்தை அவர் தோலின்மேல் இட்டுக்கொண்டே இருந்தான். அதனைப் படிப்பார் இல்லை.

அதற்கு மறு ஆண்டு, தோலிற் கொப்புளங்கள் எழும் நோயோடு ஓர் அம்மையார் வந்தார். அவருக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது. சீட்டு எழுதுமுன், “அம்மா, என்ன வேலை செய்கிறீர்கள்?” என்றோம். “நாத்து நடுற வேலைதான் ஐயா, சின்ன வயசிலேருந்து.” “காலில் செருப்பு அணிவதுண்டா?” அவர் தம் நோயையும் மறந்து சிரித்துவிட்டார். “சேத்துல செருப்பு போட்டுக்கிட்டு யாருங்க ஐயா நடுவாங்க?” மலத்தை மும்முறை பரிசோதித்தோம். முதலிரு முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை புழு அகப்பட்டது. இரண்டு நாள் மாத்திரை கொடுத்தோம். அதன் பின்னரே ஸ்டீராய்டு தொடங்கினோம். கொப்புளங்கள் ஆறி, இன்றும் அவர் நடவுக்குச் செல்கின்றார். இருவர்க்கும் வாய்த்த மருந்து ஒன்றே. இருவர் உடலிலும் இருந்த புழுவும் ஒன்றே. இடையில் இருந்த வேற்றுமை ஒரு கேள்வி.

இக்கேள்வி ஏன் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை என்பதை எண்ணிப்பார்த்தோம். முதலாவது, புழு சொற்பமாக இருக்குங்கால் ஒருமுறை மலப் பரிசோதனையில் அது தப்பிவிடும். ‘புழு இல்லை’ என்னும் சீட்டு பொய்யான ஆறுதலைத் தந்துவிடும். இரண்டாவது, இப்புழு உள்ளாரின் இரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளணு மிகுந்திருப்பது ஓர் அடையாளம். ஸ்டீராய்டோ அவ்வணுவைக் குறைத்து அவ்வடையாளத்தையே அழித்துவிடும். கள்வனை விடுவித்த கையே அவன் காலடிச் சுவட்டையும் துடைத்துவிடுகின்றது! மூன்றாவது, ‘பள்ளியில் பூச்சி மாத்திரை விழுங்கினோமே’ என்னும் எண்ணம். நம் நாட்டில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று சிறுவர்க்கு வழங்கப்பெறும் ஆல்பெண்டசோல், நாக்குப்பூச்சி முதலியவற்றுக்கு நன்மருந்து. ஆனால் அதன் ஒரே வேளை மருந்து ஸ்ட்ராஞ்சிலாய்டஸை ஒழிக்கப் போதாது. இப்புழுவுக்கு ஏற்றது ஐவர்மெக்டின்.

2020ஆம் ஆண்டு இப்பிரச்சினையைப் புதிதாக நினைவூட்டிற்று. அவ்வாண்டு ஜூன் திங்களில், ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் டெக்ஸாமெத்தசோன் என்னும் எளிய ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசம் பெறும் கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை வெளியிட்டனர். உலகெங்கும் அது இலட்சக்கணக்கானோர்க்கு வழங்கப்பட்டது. கொரோனாவினின்று பிழைத்தும், உறங்கிய புழு எழுந்ததால் இடருற்றோர் செய்திகள் மருத்துவ ஏடுகளில் அடுத்தடுத்து வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பின்படி 30 கோடி முதல் 60 கோடி மாந்தர் இப்புழுவைச் சுமந்துள்ளனர் எனின், இதனை அரிதான நோய் என்று ஒதுக்குதல் எங்ஙனம்?

உட்பகை இப்புழு ஒன்றே அன்று. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் மூளையிலும் தசையிலும் சிறு கூடு கட்டி உறங்கி, எதிர்ப்பாற்றல் குன்றியபோது எழும். 1909இல் பிரேசிலின் கார்லோஸ் சாகாஸ் கண்டறிந்த நோயின் கிருமி, அந்நோயினாற் கெட்ட இதயத்தை நீக்கி வேறு இதயம் பொருத்தியபின்னும், உடலின் பிற இடங்களிலிருந்து எழுந்து புதிய இதயத்தைத் தாக்கவல்லது. உறுப்பை ஈந்தவரிடமிருந்து ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் புழு பெற்றவர்க்குச் சென்றதும் உண்டு. ஆகவே வாங்குவோரை மட்டுமன்றி வழங்குவோரையும் வினவவேண்டும்.

இவ்விடத்தில் நம் உள்ளத்தை நெகிழ்விக்கும் ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. இப்புழு மண்ணிலிருந்து வருவது. மாற்றுறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தோ, நார்வே நாட்டு ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் 1969இல் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்த பூஞ்சணத்திற் கிடைத்தது. புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டினுக்கு மூலமான நுண்ணுயிரும் ஜப்பானில் இட்டோ நகரை அடுத்த மண்ணிற் கிடைத்ததே. அம்மண்ணை எடுத்த சதோஷி ஓமுராவும், அமெரிக்காவில் அதன் பயனைத் தேர்ந்த வில்லியம் கேம்பெல்லும் 2015இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். நோயும் மண்ணில், நோய்க்கு மருந்தும் மண்ணில். காலால் மிதிப்பவனுக்கு மண் பகையாயிற்று. கையில் ஏந்தி ஆராய்ந்தவனுக்கு அதுவே களஞ்சியமாயிற்று.

இனி அன்பர்கள் கைக்கொள்ளத்தக்கவை சில. நெடுநாள் ஸ்டீராய்டோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்தோ தொடங்கவிருக்கும் உறவினர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர் வயலிலோ சூளையிலோ தோட்டத்திலோ வெறுங்காலோடு உழைத்தவர் என்பதை வைத்தியரிடம் தவறாது கூறுங்கள். அது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாயினும் கூறுங்கள். புழுவுக்கு ஐம்பது ஆண்டு பெரிதன்று. ஊரும் கோடுபோன்ற அரிப்பு இருந்ததுண்டாயின் அதனையும் கூறுங்கள். முன்னரே அம்மருந்தை உண்பவர், இதனைப் படித்து அஞ்சி, தாமே அதனை நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஊறு விளைக்கும். மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் ‘உடனே குணம்’ என்று சொல்லிப் பெயரெழுதாப் பொட்டலங்களில் தரும் பொடிகளை உண்ணாதீர்கள். அவற்றிற் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. தாம் காவலாளியை உறங்கவைத்திருப்பதை அறியாமலே பலர் உறங்கவைத்துள்ளனர்.

முடிவாக, வைத்தியம் பயிலச் செல்லும் நம் மாணவச் செல்வர்க்கு ஒரு சொல். உங்களுக்கு வருங்காலத்தில் வியத்தகு மருந்துகள் கிடைக்கும். நுட்பமான கருவிகள் கிடைக்கும். அவற்றால் நோயாளியின் குருதியையும் மரபணுவையும் படிப்பீர்கள். அவற்றோடு அவருடைய பாதங்களையும் ஒருமுறை பாருங்கள். வெடித்த அக்குதிகால்களில் அவர் நடந்த வயலும், மிதித்த மண்ணும், வாங்க இயலாத செருப்பும் எழுதப்பட்டிருக்கும். நம் ஆண்டவர் தம் சீடரின் பாதங்களைக் கழுவுதற்குக் குனிந்தார். அப்பணியை மேற்கொண்டோம் எனக் கூறிக்கொள்ளும் நாம், ஏழையின் பாதத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதற்கேனும் குனியலாகாதா? கழிப்பிடமும் காலணியும் எல்லார்க்கும் கிட்டும் நாளில் இப்புழுவின் குடிவழி தானே அறும். அந்நாள் வரும்வரை, காவலாளியை உறங்கவைக்கும் கை, வீட்டின் மூலை முடுக்குகளை முன்னதாக விளக்கேற்றிப் பார்க்கக் கடமைப்பட்டது. அவ்விளக்கிற்கு ஆகும் செலவு ஒரு கேள்வியும் சில மாத்திரைகளுமே. அதனால் காக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் வாழ்வு.